ஒற்றைக் காலில் எத்தனை விநாடி? வயதும் பாலினமும் உடல் சமநிலையும்

இருபது வயதில் கால்சட்டை அணிய யாரும் இடம் தேடுவதில்லை. நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கி நுழைத்துவிடுவார்கள். நாற்பதுகளில் ஒரு தோள் மெல்ல அலமாரியில் சாய்கிறது. அறுபதுகளில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டால்தான் வசதியாக இருக்கிறது.

இந்த மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலோரால் சொல்ல முடியாது. நோய் எதுவும் இல்லை, வலியும் இல்லை. ஆனாலும் உடல் தன்னைத் தானே நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் திறன் ஓசையின்றிக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

பார்வை மங்கினால் கண்ணாடி அணிகிறோம் என்பார்கள். காது கேட்கவில்லை என்றால் வீட்டிலிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். சமநிலை குறைவதைச் சொல்ல ஆளில்லை. முதல் முறை விழும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டிற்குள் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார். அந்த வயதினரில் உலக அளவில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் உயிரிழக்கின்றனர். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான விழுதல்கள் ஆண்டுக்கு 37.3 மில்லியன். எதிர்பாராக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் சமநிலையை வயது எந்த அளவுக்குப் பாதிக்கிறது? ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்கு அதில் பங்கு உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் ஆய்வுகள் தரும் பதில் பொதுவாக நிலவும் எண்ணத்திலிருந்து சற்று வேறுபடுகிறது.

அசையாமல் நிற்பவர் எவருமில்லை

நேராக நிற்கும் மனிதர் உண்மையில் அசைந்துகொண்டேதான் இருக்கிறார். உடலின் எடை மையம் முன்னும் பின்னும் இடமும் வலமும் ஓயாமல் நகர்கிறது. ஒவ்வொரு முறையும் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் அதைத் திரும்ப இழுத்து நிறுத்துகின்றன. இந்த அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. அழுத்தத்தை அளக்கும் தளத்தில் ஒருவரை நிற்க வைத்தால் அது கோடுகளாகப் பதிவாகும். இதையே ஆய்வாளர்கள் உடல் ஊசலாட்டம் என்கின்றனர்.

உடலை நிமிர்ந்து நிற்க வைக்க மூளைக்கு மூன்று வழிகளில் தகவல் வருகிறது.

முதலாவது, கண். எது நேர், எது சாய்வு, தரை எங்கே முடிகிறது என்பதைப் பார்வை சொல்கிறது.

இரண்டாவது, உட்செவி. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. இரண்டு சிறு பைகளில் உள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் தலையின் சாய்வையும் நேர்க்கோட்டு அசைவையும் உணர உதவுகின்றன. மின்தூக்கி கிளம்பியதும் கண்ணை மூடியிருந்தாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று ஒருவருக்குத் தெரிவது இதனால்தான்.

மூன்றாவது, உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் உணர்வு. எடை குதிகாலில் இருக்கிறதா, விரல்களில் இருக்கிறதா, கணுக்கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பதை மூளை பார்க்காமலேயே அறிந்துகொள்கிறது.

இம்மூன்றையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்குண்டு. பிறகு கட்டளை தசைகளுக்குச் செல்கிறது. சிறிய தடுமாற்றம் என்றால் கணுக்காலே சமாளித்துவிடும். சற்றுப் பெரியது என்றால் இடுப்பு வளைகிறது. அதற்கும் மிஞ்சினால் ஓர் அடி எடுத்து வைத்து உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருக்கும் பயணிகளைக் கவனித்தால் இம்மூன்றையும் ஒரே நொடியில் காணலாம்.

வயது தொடும் இடங்கள்

வயது கூடும்போது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் தேய்வதில்லை. எல்லாக் கண்ணிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன.

கண்ணில் வெள்ளெழுத்தும் பிறகு கண்புரையும் வருகின்றன. மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பைப் பிரித்தறிவது கடினமாகிறது. உட்செவியில் அசைவை உணரும் மயிரணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. உள்ளங்காலில் அதிர்வை உணரும் திறன் மங்குகிறது. நரம்பு வழியே செய்தி செல்லும் வேகமும் குறைகிறது.

தசைகளில் நடக்கும் மாற்றம் இன்னும் முக்கியமானது. முப்பது வயதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. குறிப்பாக, விரைந்து சுருங்கும் தசை நார்களே அதிகம் மெலிகின்றன. தடுக்கி விழப்போகும் கணத்தில் காலைச் சட்டென்று முன்னே வைக்க உதவுபவை அந்த நார்கள்தாம்.

ஆகவே, மூத்தவர் ஒருவர் தடுமாறினால் அவருக்கு வலுவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வலு இருந்தும் அது உரிய நேரத்தில் வந்து சேராமல் போகலாம். அரை நொடி தாமதமானாலும் கால் தரையைத் தொடுவதற்குள் உடல் சாய்ந்துவிடுகிறது.

எண்கள் சொல்லும் கதை

இந்தத் தேய்மானம் முதுமையில்தான் தொடங்குகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஃபின்லாந்தில் 30 வயதும் அதற்கு மேலும் உள்ள 7,979 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு அதை மறுத்தது. முப்பதுகளில் இருப்போருக்கும் நாற்பதுகளில் இருப்போருக்கும் இடையிலேயே வேறுபாடு தெரிந்தது. ஏறத்தாழ 60 வயதிலிருந்து சரிவு வேகமெடுத்தது.

சமநிலையை அளக்க மிக எளிய வழி ஒற்றைக் காலில் நிற்பது. அமெரிக்காவில் 549 பேரிடம் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, எந்த வயதில் எவ்வளவு நேரம் நிற்பது இயல்பு என்று கணக்கிட்டது. வெறுங்காலுடன், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, அதிகபட்சமாக 45 விநாடிகள் நிற்கவேண்டும். கண்களைத் திறந்தபடி நின்றவர்களின் சராசரி நேரம் இது:

18 முதல் 39 வயது: ஏறத்தாழ 43 விநாடி

40 முதல் 49 வயது: 40 விநாடி

50 முதல் 59 வயது: 37 விநாடி

60 முதல் 69 வயது: 27 விநாடி

70 முதல் 79 வயது: 15 விநாடி

80 வயதும் அதற்கு மேலும்: 6 விநாடி

ஐம்பதுகள் வரை சரிவு மெதுவாகத்தான் இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் 10 விநாடிகளும், அதற்கடுத்த பத்தாண்டில் மேலும் 12 விநாடிகளும் கரைந்துவிடுகின்றன.

அதே சோதனையைக் கண்களை மூடிக்கொண்டு செய்தபோது நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களாலேயே சராசரியாகப் பத்து விநாடிகளை எட்ட முடியவில்லை. அறுபதுகளில் இருந்தவர்களால் மூன்று விநாடிகள்கூட நிற்க முடியவில்லை. உட்செவியிலும் உள்ளங்காலிலும் ஏற்படும் இழப்பை மூளை இவ்வளவு காலமாகக் கண்ணைக் கொண்டு ஈடுகட்டி வந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தவர் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க். கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் அவர் பெயரிலான சோதனை இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. இரவில் விளக்கைப் போடாமல் கழிவறைக்குச் செல்லும் மூத்தவரும் ஒரு வகையில் அதே சோதனைக்குத்தான் உள்ளாகிறார்.

ஒற்றைக் காலில் நிற்பது வித்தைபோலத் தோன்றலாம். ஆனால், நடக்கும்போது ஏறத்தாழ 80 விழுக்காட்டு நேரம் உடல் ஏதாவது ஒரு காலில் மட்டும்தான் நிற்கிறது. மின்படிக்கட்டில் ஏறுவதும், குளியலறைத் திண்டைத் தாண்டுவதும், மழைநீர் தேங்கிய இடத்தைக் கடப்பதும் ஒற்றைக் கால் நிலைகளே.

ஆணா, பெண்ணா?

பெண்களுக்குத்தான் சமநிலை குறைவு என்று பலரும் நினைக்கின்றனர். விழுந்து எலும்பு முறிந்தவர் என்றதும் பாட்டிகளே நினைவுக்கு வருவது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் 549 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், ஒரே வயதுப் பிரிவைச் சேர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விநாடிகளைக் குறைத்தது வயதுதான், பாலினம் அன்று.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024இல் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஐம்பது வயதைத் தாண்டிய, ஆரோக்கியமான 40 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். மற்றவர்கள் அதற்கு மேற்பட்டவர்கள்.

அதிகம் பயன்படுத்தாத காலில் நிற்கும் நேரம் பத்தாண்டுக்கு 2.2 விநாடிகளும், பழகிய காலில் 1.7 விநாடிகளும் குறைந்தன. இரு கால்களிலும் நின்றபோது உடல் ஊசலாட்டம் பத்தாண்டுக்கு 6.3 விழுக்காடு கூடியது. கண்களை மூடியபோது அது 10.4 விழுக்காடு.

கைப்பிடி வலுவிலும் முழங்கால் வலுவிலும் ஆண்கள் பெண்களைவிடத் தெளிவாக முன்னிலையில் இருந்தனர். இருந்தும், நிற்கும்போது ஏற்படும் ஊசலாட்டத்தில் பாலின வேறுபாடு தென்படவில்லை. வலு கூடுதலாக இருப்பதாலேயே சமநிலையும் கூடுதலாக இருக்கும் என்று எண்ண முடியாது.

சில ஆய்வுகளில் ஆண்களே சற்று அதிகமாக ஊசலாடியிருக்கின்றனர். ஆண்கள் பொதுவாக உயரமானவர்கள். பெண்களின் எடை மையம் உயரத்தோடு ஒப்பிடும்போது சற்றுத் தாழ்ந்து இடுப்புப் பகுதியில் அமைகிறது. நெட்டையான கம்பம் குட்டையான கம்பத்தைவிட எளிதில் ஆடுவதுபோலத்தான் இதுவும். உயரத்தையும் எடையையும் கணக்கில் சேர்த்தால் இவ்வேறுபாடு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

வேறுபாடு விழுந்த பிறகு

அப்படியென்றால் பாலினத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதைவிட, விழுந்தால் என்ன நேர்கிறது என்பதில்தான் அதிகம் தெரிகிறது.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. தொடக்கத்திலேயே பெண்களின் எலும்பும் தசையும் ஆண்களுடையதைவிட மெலிந்தவை. ஒரே குளியலறையில், ஒரே விதமாக விழும் கணவனும் மனைவியும் ஒரே விதமாக எழுந்திருப்பதில்லை. அவருக்குச் சிராய்ப்பு, இவருக்கு இடுப்பெலும்பு முறிவு. இடுப்பெலும்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கீழே விழுவதால் ஏற்படுபவை.

உட்செவிப் படிகங்கள் இடம் மாறிக் குழலுக்குள் புகுந்துவிடுவதால் வரும் தலைச்சுற்றலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதுபோலத் தோன்றும். பயிற்சி பெற்றவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இதை விரைவில் சரிசெய்துவிட முடியும். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் இதைச் சகித்துக்கொள்வது தேவையற்றது.

ஆண்களின் நிலைமை வேறு. விழுந்து காயமடைவோரில் மூத்த பெண்கள் அதிகம் என்றாலும், விழுவதால் உயிரிழக்கும் விகிதம் ஆண்களிடையே அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உயரமான இடங்களில் செய்யும் வேலை, ஆபத்தைப் பொருட்படுத்தாத போக்கு போன்றவை அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எழுபது வயதிலும் நாற்காலியின்மேல் ஏறி மின்விளக்கை மாற்றுபவர் பெரும்பாலும் தாத்தாதான். விழுந்ததை மருத்துவரிடம் சொல்வதிலும் ஆண்கள் பின்தங்கியிருக்கின்றனர்.

சுருக்கமாகச் சொன்னால், சமநிலையைக் குறைப்பது வயது. அந்தக் குறைவுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் பாலினம் நுழைகிறது.

பத்து விநாடி எதைக் காட்டுகிறது?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளியாகி உலகச் செய்தியானது. ஒற்றைக் காலில் பத்து விநாடிகள் நிற்பதே சோதனை. மூன்று வாய்ப்புகள் கொடுத்தும் ஐவரில் ஒருவரால் முடியவில்லை.

51 முதல் 55 வயதினரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தவறினர். 71 முதல் 75 வயதினரில் அது 54 விழுக்காடு. அடுத்த ஏழு ஆண்டுகளில், சோதனையில் தேறியவர்களில் 4.6 விழுக்காட்டினரும் தவறியவர்களில் 17.5 விழுக்காட்டினரும் உயிரிழந்தனர். வயது, பாலினம், உடல் எடை, ஏற்கெனவே இருந்த நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தவறியவர்களுக்கு மரண அபாயம் 84 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயப்படத் தேவையில்லை. நிற்க முடியாததால் அவர்கள் இறந்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. கண், காது, நரம்பு, தசை, மூளை, இதயம் ஆகிய அனைத்தின் நிலையும் சமநிலையில் தெரிகிறது என்பதே அதன் பொருள். காய்ச்சல்மானியைப்போல அது ஓர் அளவுகோல்.

இந்தியச் சமூகத்துக்குக் கூடுதல் கவனம்

மேற்கண்டவை ஆரோக்கியமானவர்களைப் பற்றியவை. நீரிழிவு சேர்ந்தால் கணக்கு மாறும். நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளைச் சேதப்படுத்தி, உள்ளங்கால் அனுப்பும் செய்திகளை மங்கச் செய்கிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். எனவே இது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தொடும் செய்தி. நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை செய்துகொள்வது புண்ணைத் தவிர்ப்பதற்கு மட்டுமன்று. சமநிலைக்கும் அது உதவும்.

குடும்பத்தாரின் அன்பும் சில வேளை எதிர்விளைவைத் தருகிறது. ‘நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்’ என்பது பல வீடுகளில் நாள்தோறும் கேட்கும் வார்த்தை. தரையில் அமர்ந்து கோலமிட்டவரும் காய் நறுக்கியவரும் நாற்காலிக்கு மாற்றப்படுகிறார்கள். சந்தைக்குப் போவது நிற்கிறது. பிறகு கோயிலுக்குப் போவதும் குறைகிறது.

அசைவு குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் தடுமாற்றம் கூடுகிறது. தடுமாற்றம் அச்சத்தைத் தருகிறது. அச்சத்தால் அசைவு இன்னும் குறைகிறது. விழுந்துவிடுவோமோ என்ற இந்த அச்சம் ஆண்களைவிடப் பெண்களிடையே அதிகம் காணப்படுகிறது. ஒரு முறைகூட விழாதவர்களுக்கும் அது உண்டு. பாதுகாக்க வேண்டும் என்று உட்கார வைப்பதே சிலரை விழும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

சமையலறை மேடை அல்லது உறுதியான மேசை அருகே வெறுங்காலுடன் நிற்கவேண்டும். மூத்தவர் என்றால் பக்கத்தில் ஒருவர் இருப்பது அவசியம்.

முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்கலாம். அடுத்து, ஒரு குதிகாலின் பக்கவாட்டை மற்றக் காலின் பெருவிரல் தொடும்படி வைத்துப் பத்து விநாடி. மூன்றாவதாக, ஒரு பாதத்தின் முன்னே மற்றப் பாதத்தைக் குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் வைத்துப் பத்து விநாடி. இம்மூன்றும் முதியோர் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் உடல் இயக்கச் சோதனையின் ஒரு பகுதி. இவை எளிதாக முடிந்தால் ஒற்றைக் காலில் நின்று பார்க்கலாம்.

கண்களை மூடிச் செய்யும் சோதனையை மூத்தோர் வீட்டில் தனியாக முயலக்கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். நடந்துகொண்டே பேச முடிகிறதா, அல்லது பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா? சுவீடன் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திய முதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் விழும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதற்கு அது அறிகுறி.

பழகினால் திரும்பும்

வயதை நிறுத்த முடியாது. ஆனால் சமநிலை பயிற்சிக்குக் கட்டுப்படும் திறன். இதில் சான்று வலுவாக இருக்கிறது.

வீட்டில் வசிக்கும் மூத்தோர் 23,407 பேர் பங்கேற்ற 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2019இல் வெளியானது. உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 விழுக்காடு குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்தபோது அது 34 விழுக்காடு வரை குறைந்தது. தைச்சி பயிற்சியில் குறைவு 19 விழுக்காடு.

நடைப்பயிற்சி இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் நடை மட்டுமே விழுவதைக் குறைக்கும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்று கிடைக்கவில்லை. தினமும் பத்தாயிரம் காலடிகள் நடப்பவரும் தனியாகச் சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும். 65 வயதைத் தாண்டியோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் முக்கியத்துவம் தரும் பயிற்சிகளைச் செய்யவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். தாழ்வாரத்தில் சுவரோரமாகக் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கலாம். பல் துலக்கும் நேரத்தில், தொட்டியின் விளிம்பில் ஒரு விரலை வைத்தபடி ஒற்றைக் காலில் நிற்கலாம். யோகாசனம் பழகியவர்களுக்கு விருட்சாசனம் தெரிந்திருக்கும். அதுவும் இதே பயிற்சிதான்.

எளிதாக இருக்கும் பயிற்சியால் பயன் குறைவு. சற்றே தடுமாறும் அளவுக்குக் கடினமாகவும், விழாத அளவுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கவேண்டும். இரு கையால் பிடித்தவர் ஒரு கைக்கும், பிறகு ஒரு விரலுக்கும், அதன்பின் பிடிக்காமலும் படிப்படியாகச் செல்லலாம். விட்டுவிட்டால் பலன் மறைந்துவிடும் என்பதால் இது வாழ்நாள் பழக்கமாக வேண்டும்.

தனியாகச் செய்ய விருப்பமில்லாதவர்கள் அருகிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் நடைபெறும் குழு உடற்பயிற்சிகளில் சேர்ந்துகொள்ளலாம். அறுபதைத் தொடும்வரை காத்திருக்கவேண்டியதும் இல்லை. சரிவு நாற்பதுகளிலேயே தொடங்குவதால் பெற்றோரோடு பிள்ளைகளும் சேர்ந்து நிற்கலாம்.

வீட்டையும் சரிசெய்யலாம்

வீவக வீடுகளில் வசிக்கும் மூத்தோருக்காக 2012 முதல் ‘ஈஸ்’ எனும் மேம்பாட்டுத் திட்டம் நடப்பிலுள்ளது. குளியலறைத் தரை வழுக்காமலிருக்கப் பூச்சு, கைப்பிடிக் கம்பிகள், சாய்தளம் போன்றவற்றைக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்ளலாம். வீட்டின் வகையைப் பொறுத்து 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் மானியம் தருகிறது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர் வசிக்கும் வீடுகளுக்கு இது பொருந்தும். அன்றாட நடவடிக்கைகளில் உதவி தேவைப்படுவோர் 60 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கட்டிலிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு, தேய்ந்துபோன ரப்பர் செருப்புக்கு ஓய்வு, சுருண்டு கிடக்கும் கால்மிதியை அகற்றுவது ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. கோயில் வாசலில் கால் கழுவிவிட்டு ஈரப் பாதத்தோடு வழுவழுப்பான தரையில் ஏறும்போதும் நிதானம் தேவை. இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கீழ்ப்பகுதி வழியே படிக்கட்டைப் பார்த்தால் விளிம்பு மங்கலாகத் தெரியும். அவர்கள் தலையைச் சற்றுக் குனிந்து, கைப்பிடியைப் பற்றி இறங்குவது நல்லது.

எப்போது மருத்துவரை அணுகவேண்டும்?

சமநிலை மெல்லக் குறைவது இயல்பு. திடீரென்று குறைவது இயல்பன்று. முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றுடன் தடுமாற்றம் வந்தால் உடனே 995ஐ அழைக்கவேண்டும்.

ஓராண்டில் இரு முறை விழுந்தவர்கள், எழுந்து நின்றதும் கண் இருட்டுபவர்கள், பாதம் மரத்துப்போனவர்கள் ஆகியோர் தங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். செல்லும்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்வது நன்று. தூக்க மருந்துகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும் தடுமாற்றத்தைத் தரக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்திவிடக் கூடாது.

விழுந்ததை மறைக்காமல் சொல்வதும் முக்கியம். பிள்ளைகள் கவலைப்படுவார்கள், இனி வெளியே விடமாட்டார்கள் என்று பல மூத்தோர் வாய் திறப்பதில்லை. ‘எப்படி விழுந்தீங்க?’ என்று கடிந்துகொள்வதைவிட, ‘எந்த இடத்தில் கால் இடறியது?’ என்று அமைதியாகக் கேட்டால் உண்மை வெளிவரும். அடுத்த முறை விழாமல் தடுக்க அந்தப் பதில் உதவும்.

அம்மாவுக்கு இன்னொரு நாற்காலி வாங்குவதற்கு முன்பு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அவரோடு பத்து விநாடி ஒற்றைக் காலில் நின்று பார்க்கலாம். அப்பாவையும் கூப்பிடவேண்டும். சோதனை இருவருக்கும் ஒன்றுதான்.